ஆழத் தூர்வாரு, தாழக் கட்டு

குவாங்சோ பொருட்காட்சியில் மூன்று நாட்கள் நடந்து முடித்தபோது பை நிறைய விலைப்பட்டியல்கள் சேர்ந்திருந்தன. கோவையில் பம்ப்செட் மோட்டார் செய்யும் சிறிய பட்டறை என்னுடையது. எங்கள் தொழிலில் இருப்பவர்கள் பலரும் அக்டோபரில் அங்கே போவார்கள். இயந்திரம் பார்ப்பார்கள், விலை பேசுவார்கள், அடுத்த விமானத்தில் ஊர் திரும்பிவிடுவார்கள். முன்பு இரண்டு முறை நானும் அப்படித்தான் திரும்பினேன். இந்த முறை பட்டறையைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு இரண்டு வாரம் கூடுதலாகத் தங்கினேன்.

ஒரு கேள்விதான் என்னைத் தங்க வைத்தது. சீனத்து முதலாளிகளோடு விலையும் தவணையும் பேசி முடித்து, அவர்கள் தேநீர் ஊற்றத் தொடங்கும் நேரத்தில், பேச்சில் ஏதாவது ஒரு பழைய பெயர் வந்துவிடும். ஒருவர் லாவோட்சுவைச் சொல்வார், இன்னொருவர் கன்ஃபூசியஸை. அவர்கள் மேசைக்குப் பின்னால் சுவரில் தூரிகையால் எழுதிய நான்கைந்து எழுத்துகள் சட்டம் போட்டுத் தொங்கும். நம் ஊர் விமான நிலையப் புத்தகக் கடைகளில் சீனத்து வணிக ஞானம் என்றால் சுன்ட்சுவின் போர்க்கலை ஒன்றுதான். போட்டியாளனை எப்படிச் சாய்ப்பது என்பதுதான் அங்கே விற்கும் சரக்கு. நான் சந்தித்தவர்களோ சாய்ப்பதைப் பற்றி அவ்வளவாகப் பேசவில்லை. தங்களைத் தாங்களே பிடித்து நிறுத்திக்கொள்வதைப் பற்றித்தான் அதிகம் பேசினார்கள். அந்தப் பேச்சின் வேரைப் பார்த்துவிட்டு வரலாம் என்று தோன்றியது. ஒரு மருந்துக்கடை, ஓர் உண்டியல் கடை, ஓர் அணை என்று மூன்று இடங்களைக் குறித்துக்கொண்டு கிளம்பினேன்.

உள்பக்கம் பார்க்கும் பலகை

ஹாங்சோ நகரத்தில் வூஷான் குன்றின் அடிவாரத்தில் ஹெஃபாங் என்றொரு பழைய கடைத்தெரு இருக்கிறது. நவம்பர் மாதத்து இளவெயிலில் தெருவெங்கும் கூட்டம். மிட்டாய்க்காரர்களையும் பட்டுத்துணிக் கடைகளையும் கடந்து ஒரு சந்து முனைக்கு வந்தால் திடீரென்று கோட்டை போல ஒரு வெள்ளைச் சுவர் எழும்பி நிற்கும். அதில் ஆள் உயரத்தைவிடப் பெரிதாக ஏழு கறுப்பு எழுத்துகள். ஹூசிங்யூதாங் மருந்துக்கடை. 1874-ல் தொடங்கியது. இன்றும் வியாபாரம் நடக்கிறது.

உள்ளே நுழைந்ததும் மருந்து வேர்களின் வாடை, நம் நாட்டு மருந்துக் கடையில் அடிப்பதைப் போலவே காரமும் கசப்புமாக மூக்கில் ஏறியது. செதுக்கிய மர உத்தரங்கள், கூரையின் கண்ணாடி வழியே விழும் வெளிச்சம், நீண்ட கல்லாப் பலகை, அதன் பின்னால் நூற்றுக்கணக்கான சிறு இழுப்பறைகள். வாடிக்கையாளர் பார்க்கும்படி தொங்கும் பலகைகள் பல. அவற்றுள் ஒன்று, சரக்கு அசல், விலை ஒன்றே என்கிற பொருளில் எழுதப்பட்டது. கடைக்காரர் யாரும் வாசலில் மாட்டக்கூடிய வாசகம்தான்.

நான் தேடி வந்த பலகை கண்ணில் படவில்லை. கூடத்தைக் கடந்து உள்ளே போய்த் திரும்பிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. இரண்டே எழுத்து. 'ஏமாற்றாதே' என்று பொருள். கடையை நிறுவிய ஹூ ஷுவேயான் 1878-ல் தன் கையால் எழுதியது. அந்தப் பலகைக்கு வாடிக்கையாளர் பக்கம் முதுகு. கணக்கு எழுதுகிறவர்களையும் மேலாளையும் பார்த்துத்தான் அது தொங்குகிறது. பெரிய எழுத்துகளுக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு விளக்கம். எந்த வியாபாரத்திலும் ஏமாற்று கூடாது, மருந்து உயிரைப் பற்றியது என்பதால் இதில் அறவே கூடாது என்பது அதன் சாரம்.

அதன் கீழே வெகுநேரம் நின்றேன். நாங்களும் தரச் சான்றிதழை வாங்கினால் சட்டம் போட்டு வரவேற்பறையில்தான் மாட்டுகிறோம். வருகிறவர் பார்க்க வேண்டும் என்பதுதான் எண்ணம். இங்கே சத்தியம் செய்தவன் அதைத் தன் ஆட்களின் கண்ணுக்கு நேரே தொங்கவிட்டிருக்கிறான். கன்ஃபூசிய மரபில் பிறரைத் திருத்தும் முன் தன்னைத் திருத்துவது என்று ஒன்று உண்டு. தனியாக இருக்கும்போதும் கவனமாக இரு என்பது அந்த மரபின் பயிற்சி. யாரும் பார்க்காத அரைக்கும் அறையில்தான் மருந்தில் கலப்படம் நடக்கும். எனவே பலகை உள்பக்கம் பார்க்கிறது.

கடைக்குள்ளேயே இருக்கும் அருங்காட்சியகத்தில் ஒரு வெள்ளிப் பாத்திரமும் ஒரு தங்கக் கரண்டியும் இருக்கின்றன. குறிப்பிட்ட ஒரு மருந்தைச் செம்பிலோ இரும்பிலோ காய்ச்சினால் சரக்கு பாத்திரத்தோடு வினைபுரிந்து வீரியம் குறைந்துவிடும் என்றார்களாம் பழைய வைத்தியர்கள். வெள்ளியிலும் தங்கத்திலும் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார் ஹூ. விளம்பரத்துக்கும் அது உதவியிருக்கும் என்பதை மறுக்க வேண்டியதில்லை. ஆனாலும் தரத்துக்காக எவ்வளவு தூரம் போவான் இந்த மனிதன் என்பதற்கு அந்தக் கரண்டி சாட்சி.

இந்தப் பகுதியே வணிகனுக்குத் தத்துவத்தில் இடம் கொடுத்த மண். ஹாங்சோவுக்குக் கிழக்கே யூயாவ் என்ற ஊரில் பிறந்தவர் வாங் யாங்மிங் (1472–1529). அறிவும் செயலும் இரண்டல்ல என்றவர். நேர்மை என்றால் என்னவென்று தெரியும், ஆனால் செய்ய முடியவில்லை என்று ஒருவன் சொன்னால், அவனுக்கு அது இன்னும் தெரியவில்லை என்றுதான் பொருள் என்பது அவர் கட்சி. பழைய சீனத்தில் அறிஞர், உழவர், கைவினைஞர், வணிகர் என்ற நான்கு அடுக்கில் வணிகருக்குக் கடைசி இடம். வாங் யாங்மிங்கோ ஒரு வணிகரின் கல்லறைக்காக எழுதியதில், நால்வரின் தொழில் வேறு, நடக்கும் நெறி ஒன்று என்றார். இன்றைய சீனத் தொழில்முனைவோர் பலர் அவரைத் தேடிப் படிப்பதற்குக் காரணம் இதுதான் என்று நினைக்கிறேன். தொழிலறிவு புத்தக அறிவுக்குக் கீழே இல்லை. கை செய்து காட்டும் வரை எந்த அறிவும் முழுமை பெறுவதில்லை.

ஹூ ஷுவேயானின் கதை மருந்துக்கடையோடு முடிந்திருந்தால் நான் அங்கிருந்தே ஊர் திரும்பியிருப்பேன். ஒரு லேவாதேவிக் கடையில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தவர் அவர். சொந்தமாக ஃபூகாங் என்ற பணக்கடையைத் தொடங்கி, பல நகரங்களில் கிளை விரித்து, மேற்கு எல்லைக்குப் படையெடுத்த தளபதி ஸுவோ ஸோங்டாங்குக்கு அந்நிய வங்கிகளிடம் கடன் ஏற்பாடு செய்து கொடுத்து, அரசனிடம் உயர் அதிகாரியின் தொப்பி பெற்ற வணிகர். 1880-களின் தொடக்கத்தில் கச்சாப் பட்டு வியாபாரத்தில் விலையை அந்நியக் கம்பெனிகள்தான் தீர்மானித்தன. அதை உடைத்தே தீர்வது என்று ஹூ இறங்கினார். சந்தையில் வந்த பட்டையெல்லாம் வாங்கிக் குவித்தார். அந்நியர்கள் வாங்காமல் காத்திருந்தார்கள். அந்த ஆண்டு இத்தாலியில் பட்டு விளைச்சல் நன்றாக இருந்தது. பிரான்சோடு போர் வரும் என்ற பயம் ஷாங்காய்ப் பணச்சந்தையை உலுக்கியது. பட்டு காத்திருக்கும் சரக்கல்ல. நாளாக ஆகத் தரம் இறங்கும். நட்டத்துக்கு விற்க வேண்டி வந்தது. 1883 டிசம்பரில் ஃபூகாங் கடைகளின் வாசலில் பணம் போட்டவர்கள் திரண்டார்கள். எல்லாம் போயிற்று. தொப்பியும் பறிபோனது. 1885-ல் அவர் இறந்தார். மருந்துக்கடை கடனுக்கு ஈடாகக் கைமாறியது. ஆனால் கடை நிலைத்தது, உள்பக்கம் பார்க்கும் அந்தப் பலகையோடு.

இதைக் கேட்டபோது எனக்கு வயிற்றைப் பிசைந்தது. மூன்று ஆண்டுகளுக்கு முன்பு செம்பு விலை வாரத்துக்கு வாரம் ஏறிக்கொண்டிருந்தது. மோட்டார் சுற்றும் செம்புக் கம்பிதான் எங்கள் செலவில் பெரும்பகுதி. இனி இறங்கவே இறங்காது என்று நம்பி, வங்கிக் கடன் வரம்பு முழுவதையும் எடுத்து ஓர் ஆண்டுக்கு வேண்டிய கம்பியை வாங்கிப் போட்டேன். நான்காம் மாதம் விலை சரிந்தது. கம்பி கிடங்கில் இருந்தது, கடன் தலைமேல் இருந்தது. அப்பா வாங்கிய நிலத்தில் பாதியை விற்றுத்தான் கூலி கொடுத்தேன். நான் யாரையும் ஏமாற்றவில்லை. ஹூவும் பட்டில் யாரையும் ஏமாற்றவில்லை. நேர்மை இருந்தும் வீழ்ந்தோம். அப்படியானால் வேறென்ன குறைந்தது?

அதே மண்ணில் சுமார் இருபத்தைந்து நூற்றாண்டுகளுக்கு முன்பு ஒருவர் வாழ்ந்திருக்கிறார். யூயே நாட்டின் அமைச்சர் ஃபான் லி. கி.மு. 473-ல் வூ நாட்டை வென்ற வெற்றிக்குக் காரணமாக இருந்தவர். வெற்றி கிடைத்ததும் பதவியை விட்டு வெளியேறினார். அரசன் துன்பத்தில் உடன் இருக்கத் தகுந்தவன், இன்பத்தில் உடன் இருக்கத் தகாதவன் என்று கணித்திருந்தார். பிறகு தாவ் என்ற ஊரில் வணிகராகி, 19 ஆண்டுகளில் மூன்று முறை பெருஞ்செல்வம் சேர்த்தார். இரண்டு முறை அதை ஏழை நண்பர்களுக்கும் உறவினருக்கும் பிரித்துக் கொடுத்துவிட்டு மறுபடி தொடங்கினார். சீன வணிகர்கள் அவரைத் தங்கள் ஆதி குருவாக வணங்குகிறார்கள். எங்கே நிறுத்துவது என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஹூவுக்கும் எனக்கும் தெரியவில்லை.

வாளேந்திய செல்வக் கடவுள்

ஷான்ஷி மாநிலத்துக் குளிர் வேறு வகை. தாய்யுவான் நகரில் விமானம் இறங்கி, அங்கிருந்து ரயிலில் பிங்யாவ் வந்து சேர்ந்தபோது மாலை. 1370 வாக்கில் எழுப்பிய மதில் சுமார் 6 கிலோமீட்டர் நீளத்துக்கு ஊரை இன்னும் முழுதாகச் சுற்றி நிற்கிறது. 1997-ல் யுனெஸ்கோவின் பட்டியலில் சேர்ந்த ஊர். சாம்பல் நிறச் செங்கல் வீடுகள், சிவப்புக் காகித விளக்குகள், காற்றில் நிலக்கரிப் புகையும் புளித்த காடி வாசனையும். தேன்கூடு போலச் சுருட்டி அடுக்கி ஆவியில் வேகவைத்த ஓட்ஸ் மாவுச் சுருள்களை அந்தக் காடியில் தோய்த்துச் சாப்பிட்ட பிறகுதான் விரல்களுக்கு உயிர் வந்தது.

மறுநாள் காலை மேற்குத் தெருவில் இருக்கும் ரிஷெங்சாங் கடைக்குப் போனேன். முன்பு அது சாயப்பொருள் விற்ற கடை. லீ குடும்பம் முதல் போட்டது. லேய் லூதாய் என்பவர் மேலாள். சரக்கு வாங்க ஊர் ஊராக வெள்ளிக் கட்டிகளை வண்டியில் ஏற்றி அனுப்பினால் வழியில் கொள்ளை போகும். ஓர் ஊர்க் கிளையில் பணத்தைக் கட்டி, இன்னோர் ஊர்க் கிளையில் சீட்டைக் காட்டி வாங்கிக்கொள்ளும் வழக்கத்தைச் சாயக்கடைக்காக உண்டாக்கினார் லேய். அக்கம்பக்கத்து வணிகர்களும் கேட்கத் தொடங்கினார்கள். 1823 வாக்கில் சாயத்தை விட்டுவிட்டு இந்த உண்டியல் முறை மட்டுமே தொழில் என்று கடை மாறியது. பிறகு முப்பதுக்கும் மேற்பட்ட நகரங்களில் கிளைகள்.

வாசலில் பார்த்தால் ஒரு நடுத்தர வீட்டின் அகலம்தான். உள்ளே மூன்று முற்றங்கள். இருபுறமும் அறைகள், மணிச்சட்டங்கள், தூரிகைகள், வெள்ளியைப் புதைத்து வைத்த நிலவறை. உண்டியல் காகிதத்தை வெளிச்சத்தில் பிடித்தால் கடையின் பெயர் நீர்க்குறியாகத் தெரியும். எழுத்து ஒரு குறிப்பிட்ட ஆளுடையது. அவர் கையெழுத்து எல்லாக் கிளைகளுக்கும் பழக்கம். தேதியையும் தொகையையும் எண்ணால் எழுதுவதில்லை. பன்னிரண்டு மாதங்களுக்குப் பன்னிரண்டு எழுத்துகள். அவற்றைச் சேர்த்துப் படித்தால் போலிச் சீட்டு குறித்து எச்சரிக்கும் ஒரு வாக்கியம் வரும். அறிவுரையே சங்கேதம் ஆகிவிட்டது. கடையில் வேலை செய்கிறவன் ஒவ்வொரு நாளும் தேதி எழுதும்போது அந்த எச்சரிக்கையில் ஓர் எழுத்தை எழுதுகிறான்.

என்னை அதிகம் பிடித்து நிறுத்தியது பங்கு முறை. பணம் போட்டவருக்கு வெள்ளிப் பங்கு. உழைப்பவருக்கு உடல் பங்கு. பயிற்சி முடித்து, ஆண்டுகள் கடந்து, நம்பிக்கை பெற்ற குமாஸ்தாவுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக உடல் பங்கு ஏறும். மூன்று நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை கணக்கு முடிக்கும்போது இரண்டு பங்குக்கும் லாபம் பிரியும். நட்டம் வந்தால் உடல் பங்குக்காரன் கையிலிருந்து எதுவும் கொடுக்க வேண்டியதில்லை. அவன் இறந்த பிறகும் சில காலம் குடும்பத்துக்குப் பங்கு போகும். முதலாளி கணக்கு முடிக்கும் நாள் வரை கடை விஷயத்தில் தலையிடக் கூடாது. தொலைபேசி இல்லாத காலத்தில், ஆயிரம் மைல் தள்ளி, குடும்பத்தைப் பிரிந்து மூன்றாண்டுத் தவணையில் உட்கார்ந்திருக்கும் ஒருவனை எந்தக் கண்காணிப்பாலும் காக்க முடியாது. அவனைப் பங்காளி ஆக்கினால் கடையை அவனே காப்பான்.

பிங்யாவ் வணிகர்கள் வணங்கிய தெய்வத்தைப் பார்த்தால் முதலில் குழப்பமாக இருக்கும். சிவந்த முகம், நீண்ட தாடி, கையில் பெரிய வாள். இரண்டாம் நூற்றாண்டில் பிறந்து மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை வாழ்ந்த குவான் யூ என்ற போர்வீரர். ஷான்ஷியின் தெற்குப் பகுதியில் பிறந்தவர். அவர் செல்வக் கடவுள்! வீரனுக்கும் கல்லாப்பெட்டிக்கும் என்ன உறவு என்று விடுதிக்கார அம்மாவிடம் கைபேசியின் மொழிபெயர்ப்பு வழியாகக் கேட்டேன். அவர் திரையில் தட்டிக் காட்டிய பதில் ஒரே சொல்: யீ. அறம், கடப்பாடு, கொடுத்த வாக்கு எல்லாம் சேர்ந்த சொல். எதிரி எவ்வளவு கொடுத்தும் தன் தலைவனுக்குத் தந்த வாக்கை விட்டுக்கொடுக்காதவர் குவான் யூ. ஊர் விட்டு ஊர் பணம் அனுப்புகிற தொழிலுக்கு வேறு எந்தத் தெய்வம் பொருந்தும்?

லாபத்தை எதிரே கண்டால் அறத்தை நினை என்பது கன்ஃபூசியஸ் திரும்பத் திரும்பச் சொன்னது. செல்வத்தை அவர் பழித்ததில்லை. வந்த வழியைத்தான் கேட்டார். அவர் சீடர்களில் ஸி கோங் பெரிய வணிகர். குரு இறந்தபோது மற்றவர்கள் மூன்று ஆண்டு துக்கம் காத்தார்கள். ஸி கோங் மட்டும் கல்லறை அருகே குடிசை போட்டு ஆறு ஆண்டுகள் இருந்தார். பிங்யாவில் கன்ஃபூசியஸ் கோயிலின் பெரிய மண்டபம் 1163-ல் கட்டியது. உண்டியல் கடைகளிலிருந்து நடந்து போகும் தூரம்தான்.

இந்தக் கடைகளும் மறைந்தன. அதற்கான காரணத்தையும் அந்த ஊரே மறைக்காமல் சொல்கிறது. 1908-ல் இன்னொரு உண்டியல் கடையின் பெய்ஜிங் மேலாளான லி ஹோங்லிங், எல்லாக் கடைகளும் சேர்ந்து நவீன வங்கியாக மாற வேண்டும் என்று மன்றாடி எழுதினார். பிங்யாவில் உட்கார்ந்திருந்த தலைமை மேலாட்கள் மறுத்துவிட்டார்கள். 1911-ல் புரட்சி வந்தது. கொடுத்த கடன் திரும்பவில்லை, போட்ட பணத்தை மக்கள் கேட்டார்கள். 1914-ல் ரிஷெங்சாங் திவாலானது. வாக்கு தவறாத மனிதர்கள்தான். காலம் கொண்டுவந்து சேர்த்த வண்டல் அடியில் படிந்துகொண்டே இருந்ததை அவர்கள் பார்க்கவில்லை. ஹாங்சோவில் நிறுத்தத் தெரியாமல் ஒரு வீழ்ச்சி, இங்கே அகற்றத் தெரியாமல் ஒரு வீழ்ச்சி.

மலைக்குள் ஓடும் ரயில்

பிங்யாவிலிருந்து ஷியான் வரை ஒரு ரயில், அங்கிருந்து செங்டு வரை இன்னொன்று. சின்லிங் மலைத்தொடரை 2017-ல் திறந்த பாதை சுரங்கம் சுரங்கமாகத் துளைத்துக்கொண்டு போகிறது. ஜன்னலில் இருள், ஒரு கணம் பள்ளத்தாக்கு, மறுபடி இருள். வெளியே பார்க்க முடியாததால் மடியில் இருந்த நூலைப் படித்தேன். சிமா சியான் எழுதிய சீன வரலாற்றின் 129-வது அத்தியாயம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன், அரசர்களுக்கும் தளபதிகளுக்கும் எழுதிய கையாலேயே வணிகர்களுக்கும் ஓர் அத்தியாயம் எழுதினார் அவர். ஃபான் லியும் ஸி கோங்கும் அதில் இருக்கிறார்கள்.

பாய் குய் என்று ஒருவரும் இருக்கிறார். மற்றவர்கள் ஒதுக்கும்போது வாங்குவார், மற்றவர்கள் துரத்தும்போது விற்பார். எளிய உணவு, எளிய உடை. வேலையாட்களோடு சேர்ந்து உழைப்பு. தன் தொழிலைச் சுன்ட்சுவின் படை நடத்தலோடு அவரே ஒப்பிடுகிறார். ஆனால் தன்னிடம் தொழில் கற்க வருகிறவனுக்கு அவர் வைக்கும் தகுதிகள் நான்கு. மாறுதலுக்கு ஈடுகொடுக்கும் அறிவு, முடிவெடுக்கும் துணிவு, கொடுக்கத் தெரிந்த அன்பு, பிடித்து நிற்கும் உறுதி. இந்த நான்கும் இல்லாதவன் கேட்டாலும் கற்றுத்தர மாட்டேன் என்றாராம்.

மூன்றாவது தகுதியில் என் விரல் நின்றது. கொடுக்கத் தெரிவதைத் தொழில்நுட்பமாக ஒரு வணிகர் ஏன் பட்டியலில் சேர்க்கிறார்? அதற்கு விடை நூலில் கிடைக்கவில்லை, ஆற்றங்கரையில் கிடைத்தது.

தடுக்காத அணை

செங்டுவிலிருந்து அரை மணி நேர ரயில் பயணத்தில் தூஜியாங்யான். மலையை விட்டு மின் ஆறு சமவெளிக்கு இறங்கும் இடம். கி.மு. 256 வாக்கில் சின் அரசின் ஆளுநராக இங்கே வந்த லி பிங் ஒரு சிக்கலை எதிர்கொண்டார். ஆறு கோடையில் ஊரை அடித்துக்கொண்டு போகும், மற்ற நாட்களில் கிழக்கே இருக்கும் நிலம் காயும். ஆற்றுக்குக் குறுக்கே உயர்ந்த சுவர் எழுப்பலாம். அவர் எழுப்பவில்லை.

தொங்குபாலத்தில் நின்று கீழே பார்த்தால் ஆற்றின் நடுவே மீன்வாய் போன்ற ஒரு முனை நீட்டிக்கொண்டிருக்கிறது. பெயரும் மீன்வாய்தான். அது ஆற்றை உள்ளாறு, வெளியாறு என இரண்டாகப் பிரிக்கிறது. உள்ளாற்றின் படுகை ஆழமாகவும் குறுகலாகவும் இருக்கும். வெளியாறு ஆழம் குறைந்து அகலமாக இருக்கும். நீர் குறைந்த காலத்தில் பத்தில் ஆறு பங்கு தானாகவே உள்ளாற்றுக்குள் இறங்கி வயலுக்குப் போகும். வெள்ளக் காலத்தில் கணக்கு தலைகீழாகும். ஆறு பங்கு வெளியாற்றில் போய்விடும். உள்ளாற்றின் முடிவில் குன்றைப் பிளந்து சுமார் 20 மீட்டர் அகலத்தில் ஒரு வாய். வெடிமருந்து இல்லாத காலம் என்பதால் பாறையைத் தீ மூட்டிச் சூடாக்கி, நீரை ஊற்றி வெடிக்கச் செய்து பிளந்தார்களாம். அந்த வாய் வேண்டிய அளவுக்கு மேல் நீரை உள்ளே விடாது. மிஞ்சிய நீர் வழிந்து ஆற்றுக்கே திரும்ப, மீன்வாய்க்கும் இந்த வாய்க்கும் நடுவே ஒரு தாழ்ந்த கலிங்கு. ஆற்றடியிலிருந்து சுமார் 2 மீட்டர்தான் உயரம். நீர் வளைந்து சுழலும் வேகத்தில் மணலும் கூழாங்கல்லும் அதன் மேலாகப் பறந்து வெளியே விழும். பறக்கும் மணல் கலிங்கு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இன்று சிமெண்டும் மதகுகளும் சேர்ந்திருக்கின்றன. மூங்கில் கூடைகளில் கல் நிரப்பி அடுக்கிய பழைய முறையைக் கரையோரம் காட்சிக்கு வைத்திருக்கிறார்கள். ஆனால் அமைப்பு லி பிங் போட்டதுதான். ஆறு லட்சம் ஹெக்டேருக்கும் மேற்பட்ட நிலம் இதில் பாய்கிறது. 2008 மே மாத நிலநடுக்கம் இந்த வட்டாரத்தையே புரட்டிப் போட்டது, கரைமேல் இருக்கும் கோயில் சேதமடைந்தது, பாசனம் நிற்கவில்லை.

லி பிங்குக்கும் அவர் மகனுக்கும் எழுப்பிய அந்தக் கோயில் மலைச்சரிவில் படிப்படியாக ஏறுகிறது. ஒரு சுவரில் ஆறு எழுத்துகள். ஆற்றின் அடியை ஆழத் தூர்வாரு, அணையைத் தாழக் கட்டு. அவ்வளவுதான். இருபத்து மூன்று நூற்றாண்டு காலப் பராமரிப்பு விதியே அதுதான்.

பழைய முறைப்படி ஒவ்வொரு குளிர்காலத்திலும் மரமுக்காலிகளை நட்டு நீரைத் திருப்பிவிட்டு, உள்ளாற்றில் படிந்த மணலையும் கல்லையும் அள்ளுவார்கள். எவ்வளவு ஆழம்? அதற்கு ஆற்றின் அடியில் இரும்புக் கட்டைகளைப் புதைத்து வைத்திருக்கிறார்கள். கட்டை கண்ணில் படும்வரை தோண்ட வேண்டும். படாவிட்டால் வேலை முடியவில்லை. கலிங்கை மட்டும் உயர்த்தக் கூடாது. உயர்த்தினால் அந்த ஆண்டு நிறைய நீர் கிடைக்கும்; வெள்ளம் வந்தால் மொத்தமும் போய்விடும். தூர்வாராமல் விட்டாலோ நீர் வேண்டும் என்பதற்காக அணையை உயர்த்தியே ஆக வேண்டிய நிலை வரும். அடியைச் சுத்தம் செய்யச் சோம்பியவன்தான் சுவரை உயர்த்துகிறான்.

ஹுவாவே நிறுவனத்தை நிறுவிய ரென் ஜெங்ஃபெய் 2009-ல் தன் ஊழியர்களிடம் இந்த ஆறு எழுத்துகளைத்தான் எடுத்து விளக்கினார். ஆழத் தூர்வாருவது என்றால் நிறுவனத்துக்குள்ளே இருக்கும் ஆற்றலைத் தோண்டிக்கொண்டே இருப்பது, செலவைக் குறைப்பது, ஆனால் எதிர்காலத்துக்கான முதலீட்டைக் குறைக்காமல் இருப்பது. தாழக் கட்டுவது என்றால் தன் லாபப் பேராசைக்குக் கரை போடுவது. வாடிக்கையாளருக்கும் சரக்குத் தருபவருக்கும் கூடுதலாக வழிய விடுவது. அந்த நிறுவனத்தின் பங்குகளை ஊழியர்கள் வைத்திருக்கிறார்கள் என்பதை நினைத்துக்கொண்டபோது பிங்யாவின் உடல் பங்கு என் கண்முன் வந்தது. சிங்தாவ் நகரில் ஹயர் தொழிற்சாலையின் ஜாங் ரூய்மின் 1985-ல் பழுதான 76 குளிர்சாதனப் பெட்டிகளை ஊழியர்கள் கையாலேயே சம்மட்டி கொண்டு உடைக்கச் செய்ததும் எனக்கு அப்போது ஒரு தூர்வாரலாகவே பட்டது. அவரும் லாவோட்சுவை விடாமல் படித்தவர்.

லாவோட்சு நீரைப் புகழ்ந்தவர். எல்லாவற்றுக்கும் பயன்படும், எதனோடும் போட்டியிடாது, எல்லாரும் வெறுக்கும் தாழ்ந்த இடத்துக்குத் தானே போகும் என்பது அவர் பார்வை. போதும் என்று அறிந்தவனுக்கு இழிவில்லை, நிறுத்தத் தெரிந்தவனுக்கு ஆபத்தில்லை என்பது அவர் போதனை. தூஜியாங்யானுக்குப் பக்கத்தில் இருக்கும் சிங்செங் மலை தாவோ மதத்தின் தொட்டில்களில் ஒன்று. ஆனால் லாவோட்சுவை எனக்குப் புரியவைத்தது அந்தக் கலிங்குதான். செயலற்ற செயல் என்று அவர் சொல்வதைச் சோம்பல் என்றே இத்தனை காலம் எண்ணியிருந்தேன். இங்கே பார்த்தால் ஒவ்வொரு குளிர்காலமும் ஆயிரக்கணக்கானவர்கள் இடுப்பளவு சேற்றில் இறங்கி வேலை செய்திருக்கிறார்கள். ஆற்றை வெல்வதற்காக ஒருவரும் உழைக்கவில்லை. ஆறு தன் போக்கில் ஓட இடம் செய்து கொடுக்கவே அத்தனை உழைப்பும்.

பாய் குய் ஏன் கொடுக்கத் தெரிந்த அன்பைத் தகுதியாக வைத்தார் என்பதும் அப்போது விளங்கியது. வழிந்து போகும் நீரை நாம் இழப்பு என்று பார்க்கிறோம். அந்த நீர்தான் மணலைச் சுமந்துகொண்டு வெளியே போகிறது. வியாபாரியின் கமிஷனையும் சிறு வார்ப்படக்காரரின் விலையையும் கடைசிப் பைசா வரை இறுக்கியபோது, நான் என் கலிங்கை உயர்த்திக்கொண்டிருந்தேன். அன்று நீர் அதிகம் நின்றது. மணலும் உள்ளேயே நின்றது. தரம் குறைந்த வார்ப்படம் வந்தது, பழைய வியாபாரிகள் விலகினார்கள், அந்த ஓட்டையை அடைக்கத்தான் செம்பில் சூதாடப் போனேன். ஹூ ஷுவேயானுக்குப் பலகை இருந்தது, தாழ்ந்த கலிங்கு இல்லை. பிங்யாவுக்குப் பங்கு முறை இருந்தது, தூர்வாரும் குளிர்காலம் இல்லை.

மாலையில் ஆற்றங்கரைக் கடையொன்றில் தேநீர் குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பனி உருகிய நீர் பச்சையாக, சத்தமாகப் போய்க்கொண்டிருந்தது. பொருட்காட்சியில் விலை கேட்ட இயந்திரங்களின் பட்டியலை எடுத்து, அவற்றில் இரண்டை அடித்தேன். அவை இல்லாமலே பழைய இயந்திரத்தைச் சரிசெய்து ஓட்ட முடியும். பிறகு குறிப்பேட்டின் முதல் பக்கத்தில் மூன்று வரி எழுதினேன். கிடங்கில் செம்பு இரண்டு மாதத் தேவைக்கு மேல் இருக்கக் கூடாது, விலை எங்கே போனாலும். வார்ப்படக்காரருக்கு முப்பது நாளில் பணம். ஒவ்வொரு பொங்கலுக்கு முந்திய வாரமும் பட்டறையை நிறுத்தி, திரும்பி வந்த மோட்டார்களை எல்லாருமாகப் பிரித்துப் பார்ப்பது.

ஊர் திரும்பியதும் அந்தப் பக்கத்தைக் கிழித்து, என் மேசையின் கண்ணாடிக்கு அடியில், என் பக்கம் பார்த்தபடி வைத்தேன். சென்ற மாதம் செம்பு விலை மறுபடி ஏறத் தொடங்கியது. வாங்கிப் போடலாமா என்று தம்பி கேட்டான். நான் கண்ணாடியைத் தொட்டுக் காட்டினேன். இரும்புக் கட்டை தெரிந்தது. அத்தோடு நிறுத்திக்கொண்டோம்.